ஊராத்துறையில் இறங்கியவர்கள்

(ஊர்காவற்துறையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாங்கள் கூடியிருக்கிற இந்தத் துறையின் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். ஏறக்குறைய 850 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசன் இந்தத் துறையைப் பேர் சொல்லி ஒரு கட்டளை போட்டான். பிறநாட்டார் வந்தால் ஊராத்துறையில் இறங்கவேண்டும். இறங்கியவர்களுக்குக் காவல் கொடுக்கவேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மிச்சம் மூன்று பங்கும் உடையவனுக்கு. மற்றச் சரக்கு ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் அரசுக்குப் பாதி, உடையவனுக்குப் பாதி. இந்த விதி அழியாதிருக்கக் கல்லிலும் செம்பிலும் வெட்டச் சொன்னான்.

செம்பு எங்கே போனதோ, கல் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் இருக்கிறது. கட்டளை போட்டவன் பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. பிரிந்து கிடந்த பௌத்த சங்கத்தை ஒன்றாக்கியவன் என்று சிங்கள வரலாறு கொண்டாடுகிற அரசன். அவன் வெட்டுவித்த கல்லில் இருப்பது தமிழ். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதைப் படித்து ஆராய்ந்து வெளியிட்டார். அந்தக் கட்டுரையை மாணவனாக இருந்தபோது நான் வாசித்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. நாங்கள் ஆண்டுதோறும் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்த கோயிலில் இப்படி ஒரு கல் நிற்கிறதென்று எனக்கு அதுவரை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

ஏன் தமிழில்? அதைப் படித்து நடக்கவேண்டியவர்கள் தமிழ் அறிந்தவர்கள். கப்பலோடு வருகிறவனும் தமிழ் அறிந்தவன், துறையில் அவனுக்குக் காவல் இருக்கிறவனும் தமிழ் அறிந்தவன். வேறு காரணம் தேடத் தேவையில்லை.

இனி என் சொந்தக் கதை கொஞ்சம். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஆச்சி என்னை நயினாதீவுத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவில் இரண்டு இறங்குதுறை உண்டு. ஒன்று கோயிலடியில், மற்றது விகாரையடியில். வெள்ளைத் தூபி படகிலிருந்தே தெரிந்தது. "அது என்ன ஆச்சி?" என்று கேட்டேன். "அது அவையின்ர இடம் மோனை. நாங்கள் இங்காலதான் இறங்குவம்" என்றா. ஆச்சியில் பிழை இல்லை. அவ கண்ட காலத்தில் அந்தத் தூபி புதிது. இன்று நாம் காணும் விகாரை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது. ஆனால் அந்தச் சொல், "அவையின்ர", என் மனதில் ஒரு முள்ளாகத் தங்கிவிட்டது. இந்தத் தீவுகளில் பௌத்தம் யாருடையது? இவ்வளவு காலமாக நான் படித்ததெல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

நயினாதீவைப் பற்றி மூன்று கதைகள் உண்டு. அவற்றைத் தனித்தனியே எல்லோரும் அறிவோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு.

முதற்கதை மகாவம்சம் சொல்வது. புத்தர் ஞானம் பெற்று ஐந்தாம் ஆண்டில் நாகதீபத்துக்கு வந்தார். அங்கே மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர்கள் மணி இழைத்த ஓர் ஆசனத்துக்காகப் போருக்கு நின்றார்கள். இவர்கள் தாய்மாமனும் மருமகனும். ஆசனம் சூளோதரனின் தாய்க்கு அவளுடைய தகப்பன் கொடுத்தது. தகப்பன் கண்மூடியதும் மாமன் உரிமை கேட்டான். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் சீதனச் சண்டை. தேசவழமைச் சட்டத்தின் கீழ் வாழும் நமக்கு இது எவ்வளவு நெருக்கமான வழக்கு! புத்தர் இரு படைகளுக்கும் நடுவே தோன்றி அறம் சொன்னார். இருவரும் ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள். அவர் அதை அங்கேயே வணங்குவதற்கு விட்டுச் சென்றார்.

இரண்டாவது கதை நம்முடைய மணிமேகலையில். சீத்தலைச் சாத்தனார் அந்த ஆசனத்தைப் புத்தபீடிகை என்கிறார், தீவை மணிபல்லவம் என்கிறார். அங்கேயும் இரண்டு நாக மன்னர்கள், ஒரு பீடம், ஒரு போர், நடுவே வந்து அமர்கிற புத்தர். புகாரின் உவவனத்தில் உறங்கிய மணிமேகலையைக் கடல்தெய்வம் தூக்கிவந்து இந்தக் கரையில் கிடத்துகிறது. மணற்கரையில் கண்விழிக்கிற அவள் பீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை அறிகிறாள். தீவதிலகை வந்து கோமுகிப் பொய்கையைக் காட்டுகிறாள். வைகாசி விசாகத்தில் அமுதசுரபி பொய்கையிலிருந்து எழுந்து அவள் கைக்கு வருகிறது. மணிபல்லவம் புகாருக்குத் தெற்கே முப்பது யோசனை என்கிறது காப்பியம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், பூம்புகாரிலிருந்து ஏறக்குறைய நேர்தெற்கே கோடிழுத்தால் கோடு நம் தீவுகளுக்குத்தான் வருகிறது. மணிபல்லவம் நயினாதீவுதான் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதுமே என்று கொள்வோரும் உண்டு. ஆனால் சாத்தனாருக்கு இந்தக் கடலின் வழி தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மூன்றாவது கதை ஆச்சி படகில் வைத்துச் சொன்னது. புளியந்தீவிலிருந்து அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு கடலில் நீந்திவந்த நாகத்தைக் கருடன் மறித்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது, கருடன் மற்றக் கல்லில் குந்தியிருந்தது. அந்த வழியாகக் கப்பலில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் கருடனிடம் கெஞ்சிக் கேட்டு நாகத்தை விடுவித்தான். பிறகு அம்மனுக்குக் கோயிலும் எழுப்பினான். பாம்பு சுற்றிய கல்லையும் கருடக்கல்லையும் இன்றைக்கும் கடலில் காட்டுவார்கள்.

பாலியில் ஒன்று, தமிழ்க் காப்பியத்தில் ஒன்று, ஆச்சிமாரின் வாயில் ஒன்று. மூன்றிலும் நாகர் இருக்கிறார்கள். மூன்றிலும் ஒரு பகை, அதற்கு நடுவில் வந்து தீர்த்துவைக்கிற ஒருவர். அந்த ஒருவர் இரண்டு கதைகளில் புத்தர், மற்றதில் கடலோடிவந்த செட்டி. ஒரு தீவு தன்னைப் பற்றி இரண்டு மதத்தாருக்கு இரண்டு மொழியில் ஒரே கதையைத்தான் சொல்லியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாகர் கதை இங்கே மட்டும் உள்ளதும் இல்லை. இமயமலையில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கு ஆதியில் நாகர் வாழ்ந்த ஏரியென்றும், மஞ்சுசிறீ மலையை வாளால் வெட்டி நீரை வடித்தாரென்றும் நேவார் மக்கள் சொல்வார்கள். அங்கேயும் நாகர்கள் துரத்தப்படவில்லை. கார்க்கோடகனுக்கு ஒரு குளம் விட்டுவைத்தார்கள். சுயம்புநாத் தூபிக்குப் பக்கத்தில் இருக்கிற ஹாரிதி கோயிலில் பௌத்தரும் இந்துவும் ஒரே வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள்.

நான் சொல்லவந்த கடல் விசயத்துக்கு வருகிறேன். மணிமேகலையை மாணவர்கள் பெரும்பாலும் அறநூலாகப் படிக்கிறார்கள். நான் அதைக் கப்பல் நூலாகவும் படிக்கிறேன். அமுதசுரபியை முதலில் வைத்திருந்த ஆபுத்திரன் சாவகம் போகக் கப்பலேறினான். காற்று மாறியதால் கப்பல் மணிபல்லவத்தில் பாயிறக்கித் தங்கியது. அவன் இறங்கியதை அறியாமல் கப்பல் போய்விட்டது. உண்பிப்பதற்கு ஆளில்லாத தீவில் தனக்கு மட்டும் சோறு எதற்கென்று பாத்திரத்தைப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டான். அதே காப்பியத்தில் நாகநாட்டு இளவரசி பீலிவளை பீடிகையை வணங்க வருகிறாள். தன் கைக்குழந்தையை அங்கு நின்ற கம்பளச் செட்டியின் கப்பலில் தகப்பனான சோழனிடம் அனுப்புகிறாள். அன்று இரவே கப்பல் உடைகிறது. பிள்ளை தொலைந்த துயரில் அரசன் இந்திரவிழாவை மறக்கிறான், புகாரைக் கடல் கொள்கிறது.

இப்போது கோயிற் கல்லை மறுபடி நினையுங்கள். கப்பல் உடைந்தால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அளந்து சொல்கிற கல். இந்தப் பரவைக்கடல் ஆழமில்லாதது, மணல்திட்டும் முருகைப்பாறையும் நிறைந்தது என்று மீன்பிடிக்கிற உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கப்பல் அடிக்கடி உடைந்த கடல் இது. காப்பியக்காரர் அந்தப் பயத்தைக் கதையாக்கினார், பராக்கிரமபாகு சட்டமாக்கினான். இரண்டுக்கும் இடையில் பல நூற்றாண்டுகள் இருந்தும் கடல் ஒன்றுதான், ஏறிவந்தவர்களும் ஒரே வகை மனிதர்கள். அந்தக் கப்பல்களில்தான் குதிரையோடும் துணியோடும் பிக்குகள் வந்தார்கள். இந்தத் துறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்றே தங்கள் மொழியில் அழைத்தார்கள். அந்தப் பெயரில் துறையைக் குறிக்கும் சொல்தான் ஆங்கிலத்தில் கயிற்ஸ் ஆயிற்று.

கதையை விட்டுக் கல்லுக்கு வருவோம். குடாநாட்டில் கந்தரோடைக்குப் போகாதவர்கள் ஒருமுறை போங்கள். பனைகளுக்கு நடுவே முருகைக்கல்லில் கட்டிய சிறிய தூபிகள் இருபதுக்கு மேல் நெருக்கமாகக் குந்தியிருக்கும். சில தூபிகளின் விட்டம் ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற அளவுதான். 1917இலும் 1919இலும் போல் ஈ. பீரிஸ் நாகதீபத்தின் பௌத்த எச்சங்கள் பற்றி எழுதிய கட்டுரைகளால் அந்த இடம் உலகத்துக்குத் தெரியவந்தது. 1970இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தார்கள். அநுராதபுரத்து மலைபோன்ற செங்கல் தூபிகளைக் கண்டவர்களுக்கு இவை சிறு பிள்ளைகள் போலத் தெரியும். எனக்கு அந்தச் சிறுமைதான் பிடித்திருக்கிறது. செங்கல்லுக்கு ஏற்ற களிமண் அரிதான நிலத்தில், காலடியில் கிடந்த முருகைக்கல்லை வெட்டித் தங்கள் சக்திக்கு ஏற்ப எழுப்பியிருக்கிறார்கள். நம் வீட்டு மதிலும் கிணற்றுக் கட்டும் அதே கல்.

நெடுந்தீவிலும் அதே கல். வெடியரசன் கோட்டை என்று ஊரார் சொல்லும் இடத்தில் முருகைக்கல்லால் ஆன தூபி அடித்தளங்கள் வட்டமாகக் கிடக்கின்றன. வெடியரசன் கதையை நெடுந்தீவுப் பிள்ளைகள் அறிவார்கள். தூபியை அறிந்தவர்கள் குறைவு. ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தையும் பெருக்கு மரத்தையும் மட்டக்குதிரைகளையும் பார்க்க வருகிறவர்கள் இந்த வட்டங்களைத் தாண்டித்தான் போகிறார்கள். நான் போனபோது ஆடுகள் அதன்மேல் ஏறி நின்றன. ஆட்டை நான் குறை சொல்லமாட்டேன்.

எழுத்துச் சான்று வேண்டுமென்றால் வல்லிபுரத்துப் பொன்னேடு. 1936இல் கிடைத்தது. பிராமி எழுத்து, பிராகிருதம் சார்ந்த மொழி. வசப அரசன் காலத்தில் இசிகிராயன் என்ற அமைச்சன் நாகதீவை ஆண்டபோது பியகுகதிச என்பவன் ஒரு விகாரை கட்டினான் என்பது செய்தி. வசபன் ஆண்டது பொது ஆண்டு முதல் நூற்றாண்டின் பிற்பகுதி. அப்போது நாகதீவு என்றால் நயினாதீவு மட்டும் இல்லை, வல்லிபுரம் உட்பட இந்த வடபகுதி முழுவதும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்த ஏட்டின் சொற்களுக்குப் பொருள் கொள்வதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. சிங்களம் என்பார் ஒருவர், இல்லை என்பார் மற்றவர். மொழிகள் இன்றைய எல்லைகளோடு பிரிந்து நிற்காத ஒரு காலத்து ஏட்டை இன்றைய அடையாள அட்டையோடு பொருத்திப் பார்க்கிற சண்டை அது. வல்லிபுரத்தில் கிடைத்த புத்தர் சிலையொன்று யாழ்ப்பாணம் பழைய பூங்காவில் இருந்தது. 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக் அதைச் சீயம் நாட்டு அரசருக்குப் பரிசளித்துவிட்டார். நம் மண்ணில் எழுந்த புத்தர் இன்று பாங்கொக்கில் இருக்கிறார்.

நம்பொத்த என்றொரு பழைய சிங்கள நூல், யாத்திரைத் தலங்களின் பட்டியல். அது யாழ்ப்பாணப் பகுதியை தெமள பட்டணம், அதாவது தமிழ்ப் பட்டினம் என்று சொல்லிவிட்டு, அங்குள்ள பௌத்தத் தலங்களை எண்ணுகிறது. நாகதிவயின, புவங்குதிவயின, காரதிவயின. நயினாதீவும் புங்குடுதீவும் காரைதீவு என்ற காரைநகரும் என்று உங்களுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டுமா? தமிழ்ப் பட்டினத்தில் பௌத்தத் தலங்கள் என்று எழுதுவதில் அந்தச் சிங்கள ஆசிரியருக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

நமக்கு ஏன் முரணாகத் தெரிகிறது? தமிழன் பௌத்தனாக இருந்தான் என்பதை நாம் மறந்துபோனதால். காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் இருந்து பாலியில் நூல் எழுதினார் புத்ததத்தர், உறையூர்க்காரர். பூம்புகாரில் பல்லவனீச்சுரத்தில் அகழ்ந்தபோது விகாரையும் புத்தபாதக் கல்லும் கிடைத்தன. வீரசோழியம் என்ற தமிழ் இலக்கணத்தைச் செய்த புத்தமித்திரர் பௌத்தர். நாகப்பட்டினத்தில் சிறீவிசய அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்குச் சைவனான இராசராசன் 1006ஐ ஒட்டி ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். நம் நாட்டிலேயே திருகோணமலைப் பெரியகுளத்தில் வெல்கம் விகாரைக்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கப் பசு கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே தமிழில் வெட்டியிருக்கின்றன. இவற்றையெல்லாம் மயிலை சீனி. வேங்கடசாமி 1940இலேயே 'பௌத்தமும் தமிழும்' என்ற நூலில் தொகுத்துக் கொடுத்துவிட்டார். உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்த 1898இல், நெற்றி நிறையத் திருநீறு பூசிய அந்தப் பெரியவர் பௌத்தத்தை முதலிலிருந்து படித்து அறிந்து உரைக்குறிப்பு எழுதவேண்டியிருந்தது. வழிவழியாக வந்த தமிழ்ப் பௌத்தர் ஒருவரைக் கேட்கக் கிடைப்பதே அரிதான காலம் அது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் இடம் சொல்கிறேன். இமயமலையில் ஸ்பிதி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே தாபோ மடம் 996இல் எழுந்தது, முழுக்கக் களிமண் சுவர். நாகப்பட்டினத்து விகாரைக்கும் அதற்கும் பத்தாண்டுதான் வித்தியாசம். தாபோவில் சுவரோவியம் மங்காமல் இருக்கிறது, பிக்குகள் இன்றும் ஓதுகிறார்கள், 1996இல் ஆயிரமாண்டு விழா எடுத்தார்கள். நாகப்பட்டினத்தில் கடைசியாக நின்ற செங்கற் கோபுரத்தை 1867இல் யேசுசபையினர் இடித்து அப்புறப்படுத்தினார்கள். அந்த மண்ணில் கிடைத்த ஏறக்குறைய 350 புத்த வெண்கலங்கள் உலகத்து அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன. மண் சுவர் நின்றது, செங்கல் விழுந்தது. தாபோவைச் சுற்றி அதை எங்களுடையது என்று சொல்லி ஆண்டுதோறும் மண் பூசுகிற சனம் இருந்தது.

இங்கே அப்படி ஒரு சனம் இல்லாமற்போனதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பக்தி இயக்கம் வந்தது. ஆரியச் சக்கரவர்த்திகளின் சைவ அரசு வந்தது. கடல் வணிகத்தின் தடம் மாறியது. பிக்குகளுக்குச் சோறிட்ட வணிகர்களின் பிள்ளைகள் சிவன் கோயிலுக்குக் கொடுத்தார்கள். போர்த்துக்கேயர் வந்து எல்லோருடையதையும் இடித்தார்கள். நயினாதீவு அம்மன் கோயிலும் தப்பவில்லை, 1788இல்தான் அதை மீளக் கட்டினார்கள்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சங்கடமானது, ஆனால் சொல்லாமல் இறங்கமாட்டேன். நம்மில் பலருக்குப் பௌத்த எச்சம் ஒன்று கிடைத்தது என்றாலே நெஞ்சு திடுக்கிடுகிறது. இன்று ஒரு கல் கிடைத்தால் நாளை ஒரு பலகை வரும், மறுநாள் வேலி வரும், காணி போகும் என்ற பயம். அந்தப் பயம் வெறுங்காற்றில் வரவில்லை. காணி இழந்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கக்கூடும். 1958இன் கலவரத்தில் நயினாதீவு விகாரை சிதைக்கப்பட்டது, 1986இல் அம்மன் கோயில் தாக்குதலில் எரிந்தது. ஒரே தீவில், கூப்பிடு தூரத்தில் இருக்கிற இரண்டு கும்பிடுமிடங்கள். இவற்றை நான் மறக்கச் சொல்லவில்லை.

ஆனால் பயத்தில் நாம் செய்தது என்ன? கிணறு வெட்டும்போது வந்த வட்டக் கல்லைச் சத்தமில்லாமல் மூடினோம். பிள்ளைகளின் பாடத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனோம். நான் படித்த பள்ளியில் மணிமேகலையைக் கற்பித்த ஆசிரியர் மணிபல்லவம் எங்கே என்று கேட்டபோது "கற்பனைத் தீவு" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினார். எங்கள் சொந்த வீட்டில் ஒரு பழைய அறையைப் பூட்டித் திறப்பை எறிந்துவிட்டு, பிறகு யாரோ வந்து அந்த அறை தங்களுடையது என்று சொல்லும்போது பதைக்கிறோம். மூடியவர்கள் நாம். அந்தத் தூபிகளைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தத் தீவுகளை விட்டு எங்கும் போகவில்லை. இங்கேயே இருந்து சமயம் மாறினார்கள், பனையில் ஏறினார்கள், வள்ளம் வலித்தார்கள், உங்களையும் என்னையும் பெற்றார்கள்.

ஆகவே மாணவர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஆனைக்கோட்டையில் இந்திரபாலாவும் பொ. இரகுபதியும் ஒரு பழைய முத்திரையைக் கண்டெடுத்தபோது இரகுபதி இளைஞர். உங்கள் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருந்திருக்கும். நெடுந்தீவு வட்டங்களை அளந்து படம் வரையுங்கள். புங்குடுதீவிலும் காரைநகரிலும் நம்பொத்த சொன்ன இடங்கள் எங்கே என்று ஊர்ப் பெயர்களை, வயற் பெயர்களை, குளத்துப் பெயர்களைத் திரட்டுங்கள். கிடைப்பதைத் தமிழில் எழுதுங்கள், சிங்களத்திலும் எழுதுங்கள். தெற்கிலிருந்து வெள்ளைச் சீலையோடு படகு நிறைய வருகிற ஆச்சிமாருக்கு, அவர்கள் வணங்குகிற நாகதீபத்தைப் பற்றித் தமிழில் ஒரு பெருங்காப்பியம் இருக்கிறதென்று நம்மைத் தவிர யார் சொல்வது?

நயினாதீவு அம்மன் கோயிலில் அடியார்களுக்கு அன்னதானம் கொடுக்கிற மண்டபத்தின் பெயர் உங்களுக்குத் தெரியும். அமுதசுரபி மண்டபம். பௌத்தப் பிக்குணி ஒருத்தி ஏந்திய பாத்திரத்தின் பெயரை ஒரு சைவக் கோயில் தன் சமையற்கட்டுக்கு வைத்திருக்கிறது. அதை வைத்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாரும் அதை மறுக்கவும் இல்லை. ஆச்சியும் நானும் அன்றைக்கு அங்கேதான் பந்தியில் இருந்து சாப்பிட்டோம். பூசணிக்காய்க் கறியும் பருப்பும். பக்கத்துப் பந்தியில் விகாரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், தகப்பனும் தாயும் இரண்டு பெண்பிள்ளைகளும், சோற்றைப் பிசையத் தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த சின்னவளுக்கு ஆச்சிதான் பிசைந்து கொடுத்தா. "அவையின்ர" என்று சொன்ன அதே ஆச்சி.

நாளைக் காலை நான் நயினாதீவுக்குப் போகிறேன். வர விரும்புகிறவர்கள் முதற்படகுக்குக் குறிகட்டுவானுக்கு வந்துவிடுங்கள். கல்லின் எழுத்து தேய்ந்திருக்கிறது, நேரே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு டோர்ச் லைட் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தால் ஊராத்துறை என்ற சொல்லை நான் தொட்டுக் காட்டுவேன்.